ரெசின் கவசத்தில் கொம்பு ஒடிந்தால் எப்படி ஒட்டுவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேடத்துக்காக ரெசினில் வார்த்த தோள் கவசம் வைத்திருக்கிறேன். அதிலிருந்த கொம்பு அடியோடு ஒடிந்துவிட்டது. இரண்டு தடவை சூப்பர் க்ளூ போட்டும் அதே இடத்தில் விட்டுவிட்டது. வாரை மாட்டியிருந்த ஸ்க்ரூவும் பிடுங்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?"

முடியும். ஆனால் மூன்றாவது தடவையும் சூப்பர் க்ளூவை எடுக்காதீர்கள். நேராக இழுத்தால் அது நன்றாகவே தாங்கும். காய்ந்ததும் விறைத்துப்போவதால் தட்டலையும் பக்கவாட்டு நெம்பலையும் தாங்காது. நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பின் நுனியை யாராவது லேசாக இடித்தாலே அத்தனை விசையும் அடியில் உள்ள அந்தச் சின்ன வட்டத்தில் வந்து இறங்கும். அந்தப் பாரத்தைச் சுமக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி வேண்டும், பசை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

4 மி.மீ. மரை போட்ட கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான கம்பியைவிட இதுதான் நல்லது, மரையின் பள்ளங்களில் எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து போடும் பசை) புகுந்து கவ்விக்கொள்ளும். முதலில் பழைய பசையைக் கத்தியால் சுரண்டி எடுங்கள், ஆனால் உடைப்பின் வெளி விளிம்பை மட்டும் தொடாதீர்கள், இரண்டு துண்டும் கச்சிதமாகப் பொருந்த அந்த விளிம்புதான் ஒரே வழிகாட்டி. நடுப்பகுதியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, கவசத்தில் கொம்பு உட்காரும் இடத்தின் நடுவில் 5 மி.மீ. துளை, மறுபக்கம் வரைக்கும். கொம்பை அதன் இடத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து அந்தத் துளை வழியாகவே கொம்பில் அடையாளம் வைத்தால் நேராக அமையும். கொம்புக்குள் 3 செ.மீ. ஆழமாவது வேண்டும். 2 மி.மீ. பிட்டில் தொடங்கி மெதுவாகப் பெரிதாக்குங்கள், அடிக்கடி வெளியே எடுங்கள். சூடேறினால் ரெசின் இளகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும். முகக்கவசம் கட்டாயம், ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கொம்பு உள்ளே வெறும் கூடு என்றால், அடிப்பகுதியை எபாக்சி புட்டியால் அடைத்து இறுகவிட்டு அதில் துளையிடுங்கள்.

ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், மெதுவாக இறுகும் வகை பொதுவாகக் கூடுதல் பலம் தரும். அதன் அட்டையில் போட்டிருக்கும் அளவில்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை (இறுக வைக்கும் பாகத்தை) கூட்டினால் கொழகொழவென்றே நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கம்பியைத் திருகித் திருகி உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு பசையை வெளியே தள்ளும். உடைப்பு முகத்திலும் தடவி, டேப் சுற்றி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். இறுகிய பிறகு பின்பக்கம் அகலமான வாஷரும் நட்டும் போட்டுக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கவசமே விரிசல் விட்டுவிடும். மிச்சக் கம்பியை வெட்டி, நட்டின் மேல் தடித்த ஃபோம் ஒட்டுங்கள், தோளில் குத்தக்கூடாது.

அப்புறம் விரிசல். அது முடியும் நுனியில் 2 மி.மீ. துளை போடுங்கள், மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். பின்பக்கத்தைத் தேய்த்து, விரிசலுக்கு இருபுறமும் 3 செ.மீ. தள்ளி வருகிற மாதிரி ஃபைபர் கிளாஸ் துணியை எபாக்சியில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். வாருக்கு இனி ஸ்க்ரூவே வேண்டாம், அதன் மரை ஆப்பு மாதிரி இறங்கி ரெசினைப் பிளந்துவிடும். போல்ட்டைவிடச் சற்றே பெரிய துளை போட்டு, இருபுறமும் வாஷர், அடியில் ஒரு துண்டு ரப்பர், நைலான் லாக் நட். அதிர்ந்தாலும் கழலாது.

மேலே தெரியும் கோட்டை எபாக்சி புட்டியால் நிரப்பி, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசினால் ஒட்டின இடம் தெரியாது. எல்லாம் முடிந்ததும் வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பாலியூரிதேன் ரெசின் என்றால் அந்தச் சூட்டில் கவசமே வளைந்துவிடும்.