பிக்கப் உதறுகிறது, ஷாஃப்ட்டை மாற்றச் சொல்கிறார்கள்: மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் பின்சக்கர இயக்கம் கொண்ட டீசல் பிக்கப் இருக்கிறது. கையால் கியர் போடும் வண்டி. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் உதறல் தொடங்குகிறது. 95 வரை இருந்துவிட்டு, அதற்கு மேல் குறைந்துவிடுகிறது. வீல் பேலன்ஸிங் இரண்டு முறை செய்தாயிற்று, பலனில்லை. இப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெரிய தொகை. மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் அந்த நீண்ட ஷாஃப்ட்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். "அனுபவத்தில் தெரியும்" என்பது பதில் ஆகாது. உதறல் கோளாறில் பணம் வீணாவதே இப்படித்தான். இன்று டயர், அடுத்த மாதம் ஷாஃப்ட், பிறகு என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

வண்டியில் சுற்றும் ஒவ்வொரு பாகமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகிறது. பிக்கப் டயரின் சுற்றளவு சுமார் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்குப் பத்து முறைக்குச் சற்றே அதிகமாகச் சுற்றும். பின் ஆக்ஸிலின் பல் விகிதம் 3.7 என்றால், அதே நேரத்தில் ஷாஃப்ட் விநாடிக்கு ஏறக்குறைய 38 முறை சுற்றும். ஷாஃப்ட்டின் முனையில் மடங்கிக்கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் ஜாயிண்ட்டோ ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்வைக் கிளப்பும், அதாவது விநாடிக்கு 77 முறை வரை. எனவே டயர் கோளாறு கண்ணுக்கே தெரியும் ஆட்டமாக வரும்: ஸ்டியரிங் ஆடும், பக்கத்து இருக்கையின் முதுகு குலுங்கும். ஷாஃப்ட் கோளாறு தரையிலும் இருக்கையிலும் 'விர்ர்' என்று கால்வழியே ஏறும். ஜாயிண்ட் கோளாறு இன்னும் மெல்லிய ரீங்காரமாக, பாதி சத்தமாகவே கேட்கும். கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, இருக்கைக்கு அருகே உறுதியான இடத்தில் கைபேசியைப் படுக்க வைத்து ஓட்டினால், விநாடிக்குப் பத்தா நாற்பதா என்பது திரையிலேயே தெரிந்துவிடும். கைபேசியைப் பார்க்க உடன் ஒருவர் இருக்கட்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது.

அடுத்து, காலியான நேர்ச்சாலையில் ஒரு சோதனை. உதறல் நன்றாக இருக்கும் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜினை அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். நியூட்ரலில் உருளும்போதும் உதறல் அதே அளவில் தொடர்ந்தால் என்ஜினும் கிளட்ச்சும் தப்பித்தன. குற்றவாளி டயர், ரிம், ஷாஃப்ட், பின் ஆக்ஸில் ஆகியவற்றில் ஒன்று. நியூட்ரலில் உதறல் சட்டென்று நின்றுவிட்டால், இழுவிசை இருக்கும்போது மட்டும் வரும் கோளாறு என்று பொருள்: ஜாயிண்ட்டின் கோணம், மவுண்ட், என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

பிறகு அதே 90 கி.மீ. வேகத்தை வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். என்ஜின் வேகம் மாறியும் உதறல் 80–95க்குள்ளேயே நின்றால், அது சாலை வேகத்தோடு போகிறது, என்ஜினோடு அல்ல. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல ஐந்து கியர் வண்டிகளில் நாலாவது கியர் நேரடி கியர். அதில் என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அந்த ஒரு கியரில் மட்டும் சோதித்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஐந்தாவதிலும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் இருக்கைக்கு அடியில் உதறுகிறது, ஒரு குறிப்பிட்ட வேக இடைவெளியில் மட்டும் வருகிறது. ஷாஃப்ட்டைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் பின் டயர்களை இன்னும் விடுவிக்க முடியாது. சாதாரண பேலன்ஸிங் எந்திரம் எடை சமமாக இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். டயரின் ஒரு பக்கம் கடினமாக இருந்தாலோ, ரிம் லேசாக வளைந்திருந்தாலோ அதற்குத் தெரியாது. முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் ஸ்டியரிங்குக்கு இடம் மாறினால் டயர்தான். செலவே இல்லாத சோதனை இது, எனவே இதுதான் முதலில். ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும். நன்றாகக் கழுவிவிடுங்கள்.

டயர் இல்லை என்றானபின் அடியில் பாருங்கள். சமதரையில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் திருகுங்கள், மேலும் கீழும் ஆட்டுங்கள். கிராஸில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் அது முடிந்துவிட்டது. கிராஸின் முனையை மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. ஆட்டமே இல்லாமல் இறுகிப்போன ஜாயிண்ட்டும் உதறும். அதை ஷாஃப்ட்டைக் கழற்றிக் கையால் மடக்கிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக மடங்க வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் கொக்கி போட்டதுபோல் நின்றால் மாற்றிவிடுங்கள். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயில் அமுங்கல், ஒட்டிக் காய்ந்த தார், பேலன்ஸ் எடை பெயர்ந்து விழுந்த வெல்டிங் தழும்பு ஆகியவற்றையும் தேடுங்கள்.

கிராஸ் போயிருந்தால் கிராஸ் மட்டும், சென்டர் பேரிங் போயிருந்தால் அது மட்டும் மாற்றினால் போதும். எடை பெயர்ந்திருந்தால் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறையில் எந்திரத்தில் ஏற்றிச் சரிசெய்யலாம். குழாய் வளைந்தோ அமுங்கியோ இருந்தால், கப் உட்காரும் துளை தேய்ந்து அகன்றிருந்தால், ஒன்றுக்குள் ஒன்று செருகும் முனையில் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்திருந்தால் முழு ஷாஃப்ட் மாற்றச் சொல்வது சரிதான். அந்தச் சேதத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும், மாற்றியும் உதறல் போகாவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டில் எழுதி வாங்குங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கிளட்ச் மாற்றி வண்டியை எடுத்து வந்த அன்றிலிருந்து உதறல். அதற்கு முன் சுத்தமாக இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "கிளட்ச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, டயரைப் பாருங்கள்" என்கிறார்கள்.

பதில்: சம்பந்தம் உண்டு. கிளட்ச்சை எடுக்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கியர்பாக்ஸை இறக்க ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன், ஷாஃப்ட்டை போல்ட் போட்டுப் பூட்டும் தட்டான ஃபிளேஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்து, மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது ஒரே சீரான வேகத்தைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தணியும். அடுத்த முனையில் உள்ள ஜாயிண்ட் அதற்கு நேரெதிராக விரைந்து தணிந்து அதைச் சமன் செய்கிறது. இது நடக்க வேண்டுமானால், ஒரே ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் பொதுவாக ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்ப்ளைனில் பிரித்த ஷாஃப்ட்டை ஒரு பல் தள்ளிச் செருகினாலே சமன் குலைந்துவிடும். இரண்டு துண்டு ஷாஃப்ட்களில் சில தயாரிப்பாளர்கள் வேறு அமைப்பைச் சொல்லியிருப்பார்கள். அதனால் கண்மதிப்பில் முடிவு செய்யாமல், ஷாஃப்ட்டில் பொறித்திருக்கும் அம்புக்குறிகளையும் சர்வீஸ் கையேட்டையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் சண்டை போடுவதைவிட இரண்டே காரியம் கேளுங்கள். வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில், உதறல் வரும் அதே என்ஜின் வேகத்துக்கு ஏற்றிப் பார்க்கட்டும். அப்போதும் அதிர்ந்தால் பிரஷர் பிளேட் அல்லது ஃபிளைவீல் பொருத்தியதில் கோளாறு, அது முழுக்க அவர்கள் பொறுப்பு. அதிராவிட்டால், பின் ஃபிளேஞ்சின் போல்ட்களைக் கழற்றி ஷாஃப்ட்டை அரைச்சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பார்க்கட்டும். பாகம் எதுவும் வாங்க வேண்டாத வேலை இது. அப்படியே சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கு அடியில் இருந்த தகடு திரும்பப் போடப்பட்டதா, கியர்பாக்ஸ் மவுண்ட் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். செய்த வேலைக்கான உத்தரவாதத்தில்தான் இது வர வேண்டும்.

கேள்வி: பின்பக்கப் பட்டைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங்) அடியில் பிளாக் வைத்து வண்டியை உயர்த்தினேன். அதிலிருந்து நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது தடதடக்கிறது. சரக்கு ஏற்றினால் உதறல் இல்லை!

பதில்: சரக்கு ஏற்றினால் இல்லை என்பதே உங்களுக்கான விடை. எடையில் பின்பகுதி இறங்குகிறது, ஷாஃப்ட்டின் சாய்வு குறைகிறது, உதறல் போகிறது. கோணக் கோளாறு.

டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும். வண்டி தன் சொந்தச் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் தொங்கினால் அளவே தவறாகிவிடும். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் திருப்பும் பல்சக்கரம்) மூன்றின் சாய்வையும் எடுங்கள். கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் முன் ஜாயிண்ட்டின் கோணம். ஷாஃப்ட்டுக்கும் பினியனுக்கும் உள்ளது பின் ஜாயிண்ட்டின் கோணம். இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 3 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பூச்சியமும் ஆகாது. அரை டிகிரியாவது இருந்தால்தான் ஊசி பேரிங் உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குழி விழும்.

டீசல் என்ஜின் தாழ்ந்த வேகத்திலேயே நிறைய முறுக்குவிசை கொடுக்கும். வண்டியை எடுக்கும் நொடியில் பட்டை முறுகி பினியனின் மூக்கு மேலே எழும். ஏற்கெனவே கெட்டிருக்கும் முன், பின் கோணங்களின் பொருத்தம் அப்போது இன்னும் குலையும், அதுதான் உங்கள் தடதடப்பு. ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனைத் திருத்தலாம். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கைச் சற்று இறக்கலாம். அளந்த பிறகு செய்யுங்கள். பிளாக்கின் உயரத்தைக் குறைக்க மனமிருந்தால் அதுவே நல்ல தீர்வு என்பேன்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் டீசல் பிக்கப். 60–80 கி.மீ. வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது, வரிவரியாகப் போட்ட வேகத்தடைமேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: என்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர்; அதை நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் நடுங்குவதுபோல் தெரிகிறது. நடுக்கம் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை எடுக்காமல், பின்னால் வண்டி இல்லாத இடத்தில், பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது லாக்கப் விடுபடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன ரக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையே முதலில் மாற்றிப் பாருங்கள். பழைய ஆயிலால் வரும் நடுக்கம் பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும். பிரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி: வேலை சீசன் முடியும்வரை இப்படியே ஓட்டலாமா?

பதில்: டயர் உதறல் என்று உறுதியாகத் தெரிந்து, டயரில் வீக்கமோ வெடிப்போ இல்லை என்றால், மெதுவாக ஓட்டலாம். கிராஸில் ஆட்டம் இருந்தால் ஒரு நாள்கூட வேண்டாம். கிராஸ் முறிந்தால் ஷாஃப்ட் விழும். முன் முனை விழுந்து சாலையில் குத்தினால் வண்டியின் பின்பகுதியையே தூக்கிவிடும். பிரேக் குழாய், டீசல் குழாய் எல்லாம் அதன் பக்கத்தில்தான் ஓடுகின்றன. ஒரு கிராஸின் விலைக்காக இந்த ஆபத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். ஷாஃப்ட் பக்கம் கோளாறு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். நெடுஞ்சாலை வேகம்வரை ஓட்டுங்கள், 70லிருந்து 110 வரை சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மெதுவாக ஏற்றி, பிறகு காலை எடுத்து இறங்கவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் உதறல் வேறு வேறாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால், கிராஸையும் ஸ்ப்ளைனையும் பினியனையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய பல் இடைவெளி எல்லா வண்டியிலும் உண்டு. பினியன் நட்டை "கொஞ்சம் இறுக்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பல ஆக்ஸில்களில் அந்த இறுக்கம் பேரிங்கின் அழுத்தத்தையே மாற்றிவிடும். வண்டி உயர்த்தப்பட்டிருந்தால் பழைய பிளாக், பட்டை விவரங்களைக் கேளுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால், ஷாஃப்ட் குழாயைத் துணியால் துடைத்து அமுங்கலும் வெல்டிங் தழும்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.