தட்டணுவுக்குள் கால்சியம் பாயும் நொடி: சில கேள்விகள், பதில்கள்

ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்), அவற்றின் சவ்வில் அயனிகளை உள்ளே வெளியே விடும் புரத வாயில்களான அயனிக் கால்வாய்கள், இவற்றை உருவாக்கும் மரபணுக்கள். பல வருடங்களாக என் ஆய்வு இதுதான். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மூலக்கூறு உயிரியலாளர், மருத்துவர் அல்ல. சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மேடம், தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது என்கிறார்கள். பிறகு அதில் மரபணு ஆய்வு எப்படி?

எலும்பு மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்ற பெரிய செல் இருக்கிறது. தட்டணு அதிலிருந்து பிய்ந்து வரும் துண்டு, குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். உட்கரு தாய்செல்லோடு நின்றுவிடுகிறது. ஆனால் அங்கே தயாரான புரதங்களும், மரபணுவின் நகல் செய்தியான ஆர்என்ஏ கொஞ்சமும் தட்டணுவோடு வந்துவிடும். 7 முதல் 10 நாள் வரையான அதன் வாழ்நாள் முழுக்க அந்தச் சீதனத்தை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது.

டிஎன்ஏ வேண்டுமென்றால் அதே ரத்தத்தின் வெள்ளையணுவிலிருந்து எடுப்போம். தட்டணுவின் ஆர்என்ஏவைப் படிப்பதுதான் தலைவலி. ஒரு வெள்ளையணுவில் இருக்கும் ஆர்என்ஏ ஒரு தட்டணுவில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. நாலைந்து வெள்ளையணு கலந்துவிட்டாலும் முடிவை நம்ப முடியாது.

அயனிக் கால்வாய் என்றால் நரம்பும் இதயமும்தான் நினைவுக்கு வருகின்றன. தட்டணுவுக்கு அது எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஓய்வில் இருக்கும் தட்டணுவுக்குள் கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார். வெளியே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் 1 மில்லிமோலாருக்கும் சற்று அதிகம். அதாவது பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அணைக்கட்டில் தேங்கிய நீர் போல வெளியே கால்சியம் காத்திருக்கிறது, கால்வாய்கள்தான் மதகுகள்.

ரத்தக் குழாயில் காயம் பட்டதும், அடிபட்ட செல்களிலிருந்தும் தூண்டப்பட்ட தட்டணுக்களிலிருந்தும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கசியும். அது பட்டவுடன் பி2எக்ஸ்1 என்ற கால்வாய் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் திறந்து மூடிக்கொள்ளும். முதல் பொறி அது. அடுத்து ரத்தக் குழாய்ச் சுவரின் நார்ப்புரதமான கொலாஜனும் உறைதல் நொதியான திராம்பினும் தரும் சைகையில் உள்ளே இருக்கும் கால்சியம் சேமிப்பு காலியாகிறது. காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, வெளிச் சவ்வில் இருக்கும் ஓராய்1 கால்வாயைத் திறக்கிறது. கால்சியம் வெள்ளமாகப் பாய, தட்டையாக இருந்த தட்டணு உருண்டு, முள் முள்ளாக நீட்டி, பக்கத்துத் தட்டணுவைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஸ்டிம்1 எப்போதும் விழித்தே இருக்கும்படி ஒரு மரபணு மாற்றம் வந்தால் ஸ்டார்மார்கன் நோய் வருகிறது. தட்டணுக்கள் குறையும், ரத்தம் கசியும், தசையும் தளரும். மதகு திறக்காமல் போவது மட்டுமல்ல, மூடாமல் இருப்பதும் ஆபத்துதான்.

அவ்வளவு சின்ன செல்லில் மின்னோட்டத்தை அளக்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். நேயரும் சாக்மனும் 1991இல் நோபல் பரிசு பெற்றார்களே, நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைச் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் அந்த 'பேட்ச் கிளாம்ப்' முறைதான். தட்டணுவிலேயே செய்வது மிகக் கடினம் என்பதால், அதே கால்வாய்கள் பலவற்றைக் கொண்ட மெகாகாரியோசைட்டில் அளந்துபார்ப்பதும் உண்டு.

என் மகனுக்குப் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்பதே இல்லை. தட்டணு எண்ணிக்கை 2,40,000, நார்மல்தான் என்கிறார்கள். அப்புறம் என்ன கோளாறு?

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஒரு மைக்ரோலிட்டரில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருந்தால் எண்ணிக்கை சரி. ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் தட்டணுக்கள் வேலை செய்யாமல் இருக்கலாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு விஷயத்தை முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ரத்தம் உறைய உதவும் புரதங்களையும், தட்டணுவைக் காயத்தில் ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் காரணியையும் முதலில் பார்ப்பார்கள். அவை சரியாக இருந்தால் தட்டணுச் செயல்பாட்டுச் சோதனை. கிளான்ஸ்மான் நோயில் தட்டணுக்கள் போதுமான அளவு இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டாது. அது இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

ஸ்காட் நோய் என்று மிக மிக அரிதான ஒன்று உண்டு. உங்கள் மகனுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் துறையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். எண்ணிக்கை சரி, ஒட்டும் திறனும் சரி, ஆனாலும் ரத்தம் நிற்காது. கால்சியம் பாய்ந்ததும் சவ்வின் உள்பக்கக் கொழுப்பு வெளிப்பக்கம் புரள வேண்டும். உறைதல் புரதங்கள் வந்து அமர்வது அந்தக் கொழுப்பின் மேல்தான். இவர்களிடம் அது புரளாது. புரட்டும் புரதம் டிஎம்இஎம்16எஃப் என்று 2010இல்தான் தெரிந்தது. அந்தப் புரதம் அயனிகளையும் கடத்தும் என்பது அப்புறம் தெரியவந்தது. ஒரே புரதம் இரண்டு வேலை!

சோதனைக்குப் போகும்போது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா, மகன் என்ன வலி மாத்திரை சாப்பிட்டான் என்ற இரண்டையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ஆஸ்பிரினை நிறுத்தினாலும் அதன் விளைவு பல நாள் இருக்குமாமே, ஏன் சார்?

(மேடம் என்று அழைக்கலாம்.) தட்டணுக்களை ஒன்றுசேரத் தூண்டும் திராம்பாக்சேனைத் தயாரிக்க உதவும் காக்ஸ்-1 நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. மற்ற செல்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு இல்லையே, அதனால் முடியாது. அந்தத் தட்டணு சாகும்வரை அப்படியேதான். தினமும் பத்தில் ஒரு பங்கு போலப் புதியவை வந்து சேர்ந்து நிலைமை சரியாகும். இப்யூபுரோஃபென் அப்படியல்ல, பிடித்துவிட்டு விட்டுவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

தட்டணு எண்ணிக்கை முதல் பரிசோதனையில் 40,000, மறுநாள் வேறு குழாயில் எடுத்தால் 2,10,000. எது உண்மை?

பெரும்பாலும் இரண்டாவது. சிலருடைய ரத்தத்தில், குழாயில் இருக்கும் ஈடிடிஏ என்ற உறைதடுப்பி பட்டதும் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். இயந்திரம் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. சிட்ரேட் என்ற வேறு உறைதடுப்பி உள்ள குழாயில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியிலும் ஒருமுறை பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

எலியில் செய்த ஆய்வு மனிதருக்குப் பொருந்துமா?

ஓரளவு. திராம்பினை உணர மனிதத் தட்டணு பார்1, பார்4 என்ற இரண்டு ஏற்பிகளையும் (சைகையை வாங்கும் சவ்வுப் புரதங்கள்) பயன்படுத்துகிறது. எலியின் தட்டணுவில் பார்1 கிடையாது.

அக்கா, முதுகலை முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வர ஆசை. முதலில் எதைப் பழக வேண்டும்?

கையை, தம்பி. ரத்தம் எடுப்பதிலிருந்தே எல்லாம் தொடங்குகிறது. முதலில் வரும் சில மில்லிலிட்டரைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், ஊசி குத்தியபோதே தட்டணுக்கள் கொஞ்சம் விழித்திருக்கும். குழாயைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், குளிர் பட்டால் வடிவம் மாறிவிடும். மையவிலக்கு இயந்திரத்தில் மெதுவாகச் சுழற்றி மேலே தெளியும் மஞ்சள் பிளாஸ்மாவை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பட்டுத்துணியை அசைத்ததுபோல உள்ளே ஒரு மினுமினுப்பு சுழன்று ஓடும். தட்டையான தட்டணுக்கள் வெளிச்சத்தில் திரும்புவதால் வருவது அது. மினுமினுப்பு இல்லையா, அவை ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்டன. அன்றைக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் அதைக் கொட்டிவிட்டு, வேறு ரத்தம் எடுத்துத் தொடங்குங்கள்.