போன்ல வச்ச கட்டில் நகருதுன்னு கேட்டவருக்கு
தம்பி, அம்மாவுக்கு கட்டில் வாங்குறதுக்கு முன்னாடி ஏஆர்ல, அதான் கேமரால தெரியுற நம்ம எடத்துலயே பொருள் இருக்குற மாதிரி போன் காட்டுற வசதியில, ஹால்ல வச்சுப் பாத்தா அது வழுக்கிக்கிட்டு சுவத்துக்குள்ள போயிடுதுன்னு எழுதியிருக்கீங்க, போன் மேல தப்பில்ல, தரைதான் காரணம். மன்னார்குடி பழைய வீடு, சிவப்பு ஆக்சைடு தரைன்னு சொல்றீங்க, கும்பகோணத்துல எங்க வீட்லயும் அதேதான், பாட்டி காலத்துலேர்ந்து தேய்ச்சுத் தேய்ச்சு கண்ணாடி மாதிரி இருக்கும், எனக்கு அந்தத் தரைன்னா உசுரு. ஆனா ஏஆர், கேமரா படத்துல மூலை, கோடு, புள்ளின்னு அடையாளம் பிடிச்சுக்கிட்டு, கூடவே போனுக்குள்ள அசைவை அளக்குற கைரோஸ்கோப், ஆக்சிலரோமீட்டர்ங்கிற கருவிங்க சொல்றதையும் சேத்துதான் போன் எங்க இருக்குன்னு கணக்குப் போடும். ஒரே நிறத் தரையில பிடிக்க ஒண்ணும் இல்ல, பளபளப்புல தெரியுற ஜன்னல் பிம்பமும் நாம நகந்தா கூடவே நகரும், அதான் குழம்புது.

கட்டம் போட்ட கோரைப்பாய் விரிங்க, அங்கங்க நாலு பேப்பரும் போடுங்க, முற்றத்து வெளிச்சம் நல்லா வர்ற நேரமா பாத்து போனை மெதுவா பக்கவாட்டுல நகத்துங்க, நின்ன எடத்துலயே சுத்தாதீங்க. கட்டில் நின்னதும் அம்மாவ கூப்ட்டு காட்டுங்க, ராத்திரி எந்திரிச்சுப் போக வழி இருக்கான்னு அவங்கதான் சொல்லணும். நிலைவாசலை மட்டும் டேப் வச்சே அளந்துடுங்க, பழைய வீட்டு வாசல் குறுகல், கட்டில் உள்ள வரணும்ல.