விடுதி அறைக்கு முதல் நாள் எதை எடுத்துப் போவது?

கேள்வி: எங்கள் ஊர் தென்காசி. கலந்தாய்வில் என் மகனுக்குச் சென்னை கிண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறை. கட்டில், மேசை, நாற்காலி, இரும்பு அலமாரி எல்லாம் அங்கேயே உண்டாம். இதுவரை அவன் வீட்டை விட்டுத் தனியாக இருந்ததில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பட்டியல் சொல்கிறார்கள். இலவம்பஞ்சு மெத்தையை இங்கேயே தைத்துக் கொண்டுபோகலாமா? அறையை எப்படி ஒழுங்குபண்ணிக் கொடுப்பது? 20,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறோம். போதுமா?

பதில் தருபவர்: முன்னாள் விடுதிக் காப்பாளர், சென்னை

தாராளமாகப் போதும், அம்மா. அதில் பாதியைக்கூட முதல் நாளில் செலவழிக்க வேண்டாம். சேர்க்கை நாளன்று வண்டி நிறைய வந்து இறங்கும் சாமான்களில் பல, பிரிக்கப்படாமலேயே பொங்கல் விடுமுறைக்கு ஊர் திரும்பிப் போகும். காரணம் எளிது. கட்டிலின் அகலம், பிளக் பாயின்ட் இருக்கும் இடம், சுவரில் ஆணி அடிக்க விடுவார்களா என்பதெல்லாம் அறைக்குள் போன பிறகுதான் தெரியும். மற்ற இரண்டு பையன்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும். ஒரே அறைக்கு மூன்று துடைப்பமும் மூன்று குப்பைக் கூடையும் எதற்கு?

அதனால் வாங்குவதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தை ஓட்டத் தேவையானவை மட்டும் இப்போது. மீதியை அவன் அங்கே இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டுத் தானே வாங்கிக்கொள்ளட்டும்.

மெத்தையைப் பற்றிக் கேட்டீர்கள். இலவம்பஞ்சு அருமையான மெத்தைதான், வெயில் காலத்தில் சூடு தெரியாது. ஆனால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கட்டி தட்டும். அடிக்கடி வெயிலில் போட்டு அடித்தால்தான் மீண்டும் உப்பும். வீட்டில் மொட்டை மாடி உண்டு, அதைத் தூக்கிப் போடுவதற்கு நீங்களும் இருக்கிறீர்கள். பல விடுதிகளில் பாதுகாப்புக்காக மாடிக் கதவைப் பூட்டியே வைத்திருப்பார்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது, அந்த மூன்று மாதத்தில் வெயிலை நம்பவும் முடியாது. அதனால் விடுதிக்கு நான் சொல்வது மூன்று அல்லது நான்கு அங்குல காயர் மெத்தை. காற்று உள்ளே போய்வரும், முதுகுக்கும் நல்லது. அதை ஊரிலிருந்து பொதிகை ரயிலில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம். விடுதிக் கட்டில் பெரும்பாலும் ஆறடிக்கு மூன்றடி, ஆனால் இரண்டரை அடி அகலத்தில் போட்டிருக்கும் விடுதிகளும் உண்டு. கையில் ஓர் அளவு டேப் வைத்திருங்கள். கட்டிலை அளந்த பிறகு பக்கத்து மெத்தைக் கடைக்குப் போனால் அன்றைக்கே கிடைக்கும். கட்டிலின் அடிப்பாகம் தகரமாக இருந்தால் துருக்கறை மெத்தையில் ஏறிவிடும். வீட்டில் பழைய ஜமுக்காளம் இருந்தால் கொண்டுவாருங்கள், அதை மடித்து மெத்தைக்கு அடியில் விரித்துவிடலாம்.

படுக்கை விரிப்பு 60க்கு 90 அங்குலம் உள்ள சிங்கிள் சைஸில் இரண்டு, அடர்ந்த நிறத்தில். போர்வை ஒன்று, மெல்லியதாக. துண்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்கிறேன்: தடிமனான டர்க்கி டவல் வேண்டாம். மழை நாளில் காலையில் நனைத்தால் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும், அப்புறம் நாற்றம், அதன் பின்னால் தோலில் அரிப்பு. ஈரோட்டுப் பருத்தித் துண்டு மூன்று போதும், மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும்.

சென்னை விடுதி அறையில் நீங்கள் உண்மையில் சமாளிக்க வேண்டியது ஈரத்தைத்தான். இடப் பற்றாக்குறை அதற்கு அப்புறம்தான். மூன்று பையன்களின் ஈரத்துணி, ஒரே ஜன்னல், பக்கத்தில் கடல். நவம்பரில் தோல் பெல்ட்டிலும் ஷூவிலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். நாப்தலின் உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை உறிஞ்சாது. அதனால் அறையை ஒழுங்குபண்ணும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள், குறிப்பாக அது வெளிச்சுவராகவோ குளியலறைச் சுவராகவோ இருந்தால். அழுக்குத் துணிக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை வாங்காதீர்கள், உள்ளே வியர்வை ஈரம் அப்படியே புழுங்கும். ஒரு பெரிய மஞ்சப்பை போதும், கட்டில் காலில் மாட்டிவிடலாம். நைலான் கயிறு பத்து மீட்டர், வட்டமான கிளிப் ஹேங்கர் ஒன்று. ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் இடையே கயிறு கட்டினால் மழை நாளில் அதுதான் கொடி. தோல் ஷூவைவிட கேன்வாஸ் ஷூ அங்கே நன்றாக உழைக்கும்.

ஒட்டும் கொக்கிகளை நிறைய பேர் வாங்கி வருகிறார்கள். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு அலமாரிக் கதவு ஆகியவற்றில் அவை நிற்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டினால் பெயின்ட்டோடு உரிந்து விழும். கதவின் மேல் விளிம்பில் மாட்டும் கொக்கி வரிசை, கம்பியில் தொங்கவிடும் எஸ் வடிவக் கொக்கி, இவை இருந்தால் சுவரைத் தொடவே வேண்டாம்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடம்தான் அவனுடைய பரண். பெட்டி அங்கே போகும், அடியில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதையும் அந்த டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தரைத்தள அறை கிடைத்தால் பெட்டிக்குக் கீழே இரண்டு செங்கலோ ஒரு சிறிய ஸ்டாண்டோ வையுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த ஊரில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்பதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைக்கட்டும். கல்லூரி வாங்கிக்கொண்ட மூலச் சான்றிதழ்கள் போக மீதி உங்களிடமே இருக்கட்டும்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். சாதாரண சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 1500 வாட் கெட்டில் ஒன்றே 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதோடு இரண்டு லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர் சூடேறி உருகும். கெட்டில், வாட்டர் ஹீட்டர் ராடு, இஸ்திரிப்பெட்டி இவற்றுக்குப் பல விடுதிகளில் தடை. அந்தத் தடை சரியானது, ஒளித்து வைத்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். தரையில் கிடந்தால் அறை துடைக்கும்போது தண்ணீர் படும், மேசை மேலேயே இருக்கட்டும். கூடவே மேசை விளிம்பில் கவ்வும் சின்ன எல்ஈடி விளக்கு. இவன் இரவில் படிக்க, மற்ற இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று பேர் அறையில் சண்டை வருவதற்கு ட்யூப்லைட்தான் முதல் காரணம்.

கொசுவலை அவசியம் வாங்க வேண்டும். நாலு மூலையிலும் கட்டுவதற்கு அங்கே கம்பு இருக்காது, தானாக விரிந்து நிற்கும் மடக்கு வலை பாருங்கள். மூடிய அறையில் கொசுவர்த்திப் புகை மூன்று பேருக்கும் ஆகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். குளியலறைத் தண்ணீர் எப்போது நிற்குமோ என்று பையன்கள் பக்கெட்டில் பிடித்து வைத்து மறந்துவிடுவார்கள். வாரத்தில் ஒருமுறையாவது அதைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை மட்டும் அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

தின்பண்டம் கொடுத்து அனுப்பாமல் உங்களால் இருக்க முடியாது, தெரியும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கொடுங்கள், மெஸ் சாப்பாடு பழகும்வரை அதுதான் துணை. ஆனால் பாலிதீன் பையில் வேண்டாம், எலியும் எறும்பும் வரும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். அறை நண்பர்களுக்கும் சேர்த்தே முறுக்கு சுடுங்கள்.

மற்ற சில்லறைச் சாமான்கள் எல்லாம் சென்னையில் கைக்கெட்டும் தூரம்தான். கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டைக்கு அடுத்து மாம்பலம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. பக்கெட், மக், ஹேங்கர், தலையணை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிருங்கள். விளக்கு, சார்ஜர், கேபிள் போன்றவற்றுக்கு ரிச்சி தெரு. கிண்டியிலிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். இந்த இரண்டாவது சுற்றுக்கு நீங்கள் வர வேண்டியதில்லை. அவன் அறை நண்பர்களோடு போகட்டும், பணத்தை மட்டும் கணக்கில் போட்டு வையுங்கள்.

அறையை ஒழுங்குபண்ணிக் கொடுப்பதைப் பற்றிக் கடைசியாக ஒன்று. படுக்கையை நீங்கள் விரித்துக் கொடுங்கள். முதல் ராத்திரி அம்மா விரித்த படுக்கையில் அவன் தூங்கட்டும். ஆனால் அலமாரியை அவன் அடுக்கட்டும். நீங்கள் அடுக்கிவிட்டுப் போனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும். தினம் எடுப்பது கண் உயரத்தில், வாரம் ஒருமுறை எடுப்பது கீழே, எப்போதாவது எடுப்பது பெட்டியில் என்று இப்போதே வீட்டில் அவனுடைய பீரோவில் ஒரு வாரம் பழக்கிவிடுங்கள். தன் துணியைத் தானே துவைக்கவும் அந்த வாரத்திலேயே பழகட்டும். சென்னையில் பல இடங்களில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு சரியாக நுரைக்காது. நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிக் கொட்டாமல், நன்றாக ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

அலமாரிக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்குங்கள், மூன்று சாவி உள்ளதாக. ஒன்று அவனுடைய அடையாள அட்டைக் கயிற்றில், ஒன்று பைக்குள். மூன்றாவதை நீங்கள் தென்காசிக்கு எடுத்துப் போனால் தொலைந்த அன்றைக்கு உதவாது. சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுத்து வையுங்கள். யாரும் இல்லையென்றால் உறையில் போட்டு, பெயரும் அறை எண்ணும் எழுதி, விடுதி அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று சேர்க்கை நாளிலேயே கேட்டுவிடுங்கள்.