கடும்புயலில் பயணிகள் கப்பல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயணிகள் கப்பல் ஒன்று நடுக்கடலில் கடும்புயலில் சிக்கினால் என்ன நடக்கும் என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கப்பல் தள அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். 2019-இல் நார்வே கடற்கரையில் ‘வைக்கிங் ஸ்கை’ கப்பலுக்கு நேர்ந்ததைக் குறிப்பிட்டே பலரும் கேட்டிருப்பதால், அந்த நிகழ்வைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மதுரை வாசகி: ஐயா, எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர் நார்வே கடற்கரைக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கப்பலுக்குள் மேசை நாற்காலிகள் உருண்டோடும் காணொளியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவ்வளவு உயரமான கப்பல் கவிழ்ந்துவிடாதா?

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் அதுவன்று. பத்துப் பன்னிரண்டு மாடிகள் கண்ணுக்குத் தெரிவதால் கப்பலின் மேற்பகுதி அதிக எடை கொண்டது போலத் தோன்றுகிறது. உண்மையில் எந்திரங்கள், எரிபொருள், நன்னீர், சமநிலைக்காக நிரப்பப்படும் கடல்நீர் என எடைமிக்கவை எல்லாம் அடித்தளங்களில் இருக்கின்றன. மேல்மாடிகள் ஒப்பளவில் இலேசானவை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை சாய்ந்த பிறகு நிமிர்வதற்கு எது காரணமோ அதுவே இங்கும் காரணம். கப்பலின் உடலில் சேதமின்றி, எந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், நான் அறிந்தவரை நவீனப் பெரிய பயணிகள் கப்பல் எதுவும் அலையின் வலுவால் மட்டும் கவிழ்ந்ததில்லை.

ஆகவே புயலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எந்திரம் ஓடுகிறதா? காற்று அடித்துச் செல்லும் திசையில் கரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால், பயணிகளுக்கு அது மிகக் கொடிய இரவாக இருக்கலாமே தவிர, கப்பலுக்கு அழிவில்லை.

ஈரோடு வாசகர்: அப்படியானால் வைக்கிங் ஸ்கையில் உண்மையில் என்னதான் நடந்தது?

அந்தக் கப்பல் 1,373 பேருடன் ட்ரோம்சோவிலிருந்து தெற்கே ஸ்தவாங்கர் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வழியில் உள்ள ஹுஸ்தாவிகா என்னும் கடற்பகுதி நார்வே மாலுமிகளே அஞ்சும் இடம். காற்றைத் தடுக்கத் தீவுகள் இல்லை, நீருக்கடியில் பாறைகள் நிறைந்திருக்கின்றன. 2019 மார்ச் 23 அன்று பிற்பகல் சுமார் 2 மணிக்கு, கடும்புயலின் நடுவே, கப்பலின் மின்சாரம் முழுவதும் நின்றது. இத்தகைய கப்பல்களில் டீசல் ஜெனரேட்டர்கள் தரும் மின்சாரமே விளக்குகளையும் எரியச் செய்கிறது, உந்துவிசிறிகளையும் சுழற்றுகிறது என்பதால், மின்சாரம் நின்றால் கப்பலும் நின்றுவிடும். நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தது; ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்றும் அப்போது அடுத்தடுத்து நின்றன.

காரணம், எந்திரப் பாகங்கள் உரசித் தேயாமல் காக்கும் மசகு எண்ணெய். எந்திரத்துக்கு அடியிலுள்ள தொட்டிகளில் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக எண்ணெய் இருந்தது. அமைதியான கடலில் அந்தக் குறை தெரிந்திருக்காது. கப்பல் கடுமையாக உருண்டு புரண்டபோது எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்கியது. உறிஞ்சுகுழாய் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுத்தது. அழுத்தம் விழுந்தவுடன் பாதுகாப்பு அமைப்பு எந்திரங்களைத் தானாகவே நிறுத்திவிட்டது. கப்பல் கரைப்பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. இரண்டு நங்கூரங்களை இறக்கியும் அவை பிடிக்கவில்லை. எந்திர அறையில் இருந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் போராடி உந்துவிசையை மீட்டபோது, தரைதட்டுவதற்குக் கப்பலின் நீளமளவு தொலைவே மிஞ்சியிருந்தது என்று விசாரணையில் கண்டறியப்பட்டது. ஹெலிகாப்டர்கள் 450-க்கும் மேற்பட்டோரை ஒருவர் ஒருவராகத் தூக்கிச் சென்றன. எஞ்சியவர்களோடு கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

இதே காரணம் இன்னொரு கப்பலில் வேறு முடிவைத் தந்திருக்கிறது. 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே ‘வாக்கீன்’ சூறாவளியில் மூழ்கிய ‘எல் ஃபாரோ’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலிலும் மசகு எண்ணெய் பரிந்துரைத்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. கப்பல் ஒருபக்கம் சாய்ந்ததும் எண்ணெய் அழுத்தம் விழுந்து எந்திரம் நின்றது. அதிலிருந்த 33 பேரும் இறந்தனர். புயலைப் பற்றி யார் பேசினாலும் எல்லோரும் அலையின் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். எந்திர அறையில் ஒருவர் எண்ணெய் மட்டத்தைச் சரியாகப் பார்த்தாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வியை நான் உயிராகக் கருதுகிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: வானிலை முன்னறிவிப்பு இருந்தும் ஏன் கப்பலைச் செலுத்தினார்கள்?

நார்வே பாதுகாப்பு விசாரணை ஆணையம் 2024-இல் வெளியிட்ட இறுதி அறிக்கை இதற்கு நேரடியாகவே பதில் சொல்லிவிட்டது: ஒரு ஜெனரேட்டர் பழுதான நிலையில் பாதுகாப்பாகத் துறைமுகம் திரும்புவதற்கான விதிமுறைகளை அந்தக் கப்பல் நிறைவு செய்யவில்லை, அன்றிருந்த சூழ்நிலையில் அது ட்ரோம்சோவிலிருந்து புறப்பட்டே இருக்கக்கூடாது. 2010 ஜூலை 1 முதல் கட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல்கள், ஒரு பகுதியில் தீயோ வெள்ளமோ ஏற்பட்டாலும் சொந்த வலுவில் கரை சேரும்படி அமைந்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. வைக்கிங் ஸ்கை 2017-இல் வந்த கப்பல்; அந்த விதிக்கு உட்பட்டது.

நிறுவனங்கள் காலஅட்டவணையை மதிக்கின்றன என்பது ஒருபுறமிருக்க, பயணிகளிடமும் நான் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வானிலை காரணமாக ஒரு துறைமுகம் கைவிடப்பட்டால், பணம் வீணாயிற்று என்று வரவேற்பு மேசையில் சண்டையிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த முடிவை எடுத்த கேப்டனுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் வாசகர்: சிக்கிக்கொண்ட பிறகு கேப்டன் என்ன செய்வார்? வேகமாக ஓட்டிப் புயலிலிருந்து வெளியேற முடியாதா?

புயல் தொலைவில் இருக்கும்போதுதான் வேகம் உதவும். உள்ளே வந்தபின் வேகமே பகையாகிவிடும். அலையின் மீது மோதும் விசை கூடி, முன்பகுதித் தகடுகளும் சன்னல்களும் சேதமடையும். பொதுவான வழி, கப்பலின் முன்பகுதியான அணியத்தை அலைக்கும் காற்றுக்கும் எதிராகவோ சற்றே சாய்வாகவோ வைத்து, சுக்கான் பிடிப்பதற்குத் தேவையான அளவு வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புயல் கடந்துபோகும் வரை அங்கேயே தாக்குப்பிடிப்பதாகும். அலையைப் பக்கவாட்டில் வாங்குவதைத்தான் எப்பாடுபட்டாவது தவிர்ப்பார்கள்.

2016 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஹாட்டராஸ் முனைக்கு அப்பால், 4,500-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் சென்ற ‘ஆந்தம் ஆஃப் தி சீஸ்’ கப்பல் இவ்வாறே பல மணி நேரம் நின்றது. காற்றின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டியது. பயணிகள் அறைகளுக்குள்ளேயே இருக்குமாறு அறிவிக்கப்பட்டார்கள். சிலருக்குச் சிறு காயங்கள் ஏற்பட்டதோடு கப்பல் நியூ ஜெர்சிக்குத் திரும்பிவிட்டது. அது அகன்ற கடல். அடித்துச் செல்லப்பட்டாலும் மோதுவதற்குப் பாறை அருகில் இல்லை. ஹுஸ்தாவிகாவில் இல்லாதது அந்த இடைவெளிதான்.

நாகர்கோவில் வாசகர்: ‘அலை உயரம் 6 மீட்டர்’ என்று அறிவித்தால் ஆறு மீட்டருக்கு மேல் வராது என்று கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. அறிவிக்கப்படுவது, வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. அதே கடலில் சில மணி நேரத்துக்குள் அதன் இருமடங்கு அளவிலான தனியலை ஒன்று வரக்கூடும். 1995 ஜனவரி 1 அன்று வட கடலில் ட்ராப்னர் எரிவாயு மேடையில், அறிவிப்பளவு சுமார் 12 மீட்டராக இருந்தபோது 25.6 மீட்டர் உயர அலை ஒன்று கருவியில் பதிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ‘லூயிஸ்’ சூறாவளியின்போது ‘குயின் எலிசபெத் 2’ கப்பல் அட்லாண்டிக்கில் சுமார் 29 மீட்டர் அலையை நேருக்கு நேராக எதிர்கொண்டு மீண்டது. மாலுமிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த இத்தகைய அலைகளைப் பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கியிருந்தார்கள். கருவிப் பதிவுக்குப் பிறகே அவை ஏற்கப்பட்டன.

திருச்சி வாசகி: இப்போதைய கப்பல்களில் ஆட்டத்தைத் தடுக்கும் துடுப்புகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் நீளும் அவை, பக்கவாட்டு உருளலைப் பெருமளவு குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. மேலும் கப்பல் நகரும்போது பாயும் நீரோட்டத்தை வைத்தே அவை வேலை செய்வதால், வேகம் குறையக் குறையப் பயனும் குறையும்.

சென்னை வாசகர்: ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்குவதைவிட உயிர்காப்புப் படகுகளை இறக்கியிருக்கலாமே?

அந்தக் கடலில் படகை இறக்கியிருந்தால் கப்பலின் பக்கத்திலேயே மோதி உடைந்திருக்கும். தப்பி இறங்கிய படகும் பாறைகளை நோக்கித்தான் போயிருக்கும். படகுகளும் அவற்றை இறக்கும் கருவிகளும் கப்பல் 20 பாகை வரை சாய்ந்திருக்கும்போதும் இயங்கும்படி அமைக்கப்படுகின்றன. ஆனால் அலையின் கொந்தளிப்புக்கு அப்படியோர் உத்தரவாதம் கிடையாது. கப்பல் மிதக்கும் வரை கப்பலே பாதுகாப்பான இடம் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள், அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கரையருகே ‘ஓசியானோஸ்’ கப்பல் உண்மையாகவே மூழ்கியபோது, சிலர் படகுகளிலும் மற்றவர்கள் ஹெலிகாப்டர்களிலுமாக 571 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அங்கே வேறு வழியே இருக்கவில்லை.

யாழ்ப்பாண வாசகர்: கப்பலுக்குள் இருக்கும் பயணிக்கு உண்மையான ஆபத்து எது?

விழுவதும், மேலே ஏதாவது விழுவதும். 2023 நவம்பரில் பிஸ்கே விரிகுடாவில் ‘ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி’ கப்பல் புயலில் சிக்கியபோது ஏறத்தாழ 100 பேர் காயமடைந்தனர். கப்பலுக்குப் பெரிய சேதமில்லை. ஆட்டம் தொடங்கியதும் அறைக்குச் சென்று படுத்துக்கொள்ளுங்கள். படுக்கையின் விளிம்பில் லைஃப் ஜாக்கெட்டையோ தலையணையையோ அடியில் செருகினால் உருண்டு விழ மாட்டீர்கள். புட்டி, மடிக்கணினி, கெட்டில் ஆகியவற்றைத் தரையிலோ அலமாரிக்குள்ளோ வைத்துவிடுங்கள். நடந்தே ஆகவேண்டுமென்றால் ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும். ஆனால் கதவின் விளிம்பைப் பிடிக்காதீர்கள், கனத்த கதவு ஆட்டத்தில் சாத்திக்கொண்டு விரல்களை நசுக்கிவிடும். வெளித்தளத்துக்குப் படம் எடுக்கப் போவதைக் கண்டிப்பாகத் தவிருங்கள்.

சேலம் வாசகி: கடல் குமட்டலுக்கு என்ன செய்வது?

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் அறை எடுங்கள். ஆட்டம் அங்கேதான் மிகக் குறைவு. அவோமின் போன்ற மாத்திரைகள் குமட்டல் தொடங்கும் முன்பே எடுத்தால்தான் பயன் தரும். அவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும் என்பதாலும், கண்நீர் அழுத்தமோ புரோஸ்டேட் சிக்கலோ உள்ளவர்களுக்கு ஒவ்வாது என்பதாலும், முதியவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள்; காய்ந்த ரொட்டியும் இஞ்சியும் போதும்.

தாம்பரம் வாசகர்: சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் பயணம் போக விரும்புகிறோம். நம் வங்கக்கடலைப் பற்றிச் சொல்லுங்கள்.

2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் சேவை தொடங்கியபோது தேர்ந்தெடுத்த பருவத்தை நான் வரவேற்றேன். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளித்தாலும் நம் கரையோரம் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள்தான் நமக்குப் புயல் காலம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதாகச் செய்தி கேட்டிருப்பீர்கள். கூண்டின் எண் உயர்ந்துகொண்டே போகும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்வார்கள். புயல் வரும்போது கடலுக்கா அனுப்புவது என்று கரையில் இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். சுவரில் மோதி உடையும் துறைமுகத்தைவிட, நகர இடமிருக்கும் கடலே கப்பலுக்குப் பாதுகாப்பானது. நாம் இருக்கும் வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்புறத்தில் காற்று கூடுதலாக இருக்கும் என்பதால், கேப்டன்கள் இடப்புறமாக விலகவே முயல்வார்கள்.

மதுரை வாசகி மீண்டும்: அம்மாவுக்கு மூட்டுவலி, வேகமாக நடக்க முடியாது. அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வார்?

உதவி தேவைப்படும் பயணிகளின் பட்டியல் கப்பலில் இருக்கும்; முன்பதிவின்போதே அதில் அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது என்பதால், படிக்கட்டுக்கு அருகில், ஒன்றுகூடும் இடம் இருக்கும் தளத்திலோ அதற்கு அடுத்த தளத்திலோ அறை கேளுங்கள். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது ஒன்றுகூடுவதற்கான அழைப்பு. வைக்கிங் ஸ்கையில் பயணிகள் லைஃப் ஜாக்கெட்டோடு பல மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. ஒன்றுகூடும் இடமாக இருந்த உணவகத்திலேயே கடல்நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. எனவே கம்பளிச் சட்டை, மூக்குக் கண்ணாடி, வழுக்காத காலணி, கூடுதலாக நான்கு நாளுக்கான மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு சிறு தோள்பையில் போட்டுக் கட்டிலருகே வைத்திருக்கட்டும். கப்பல் ஏறிய அன்றே அப்பாவும் அம்மாவும் அறையிலிருந்து அந்த இடம்வரை படியில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். முடியவில்லை என்று தெரிந்தால், அறையை மாற்றித் தருமாறு அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.