ஒரே வாரத்தில் மூன்று சான்றிதழ் – வாங்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் எடுத்து, ராயபுரத்தில் சூரை மீன் தொக்கும் இறால் ஊறுகாயும் போட்டு விற்கிறோம். பட்டறையில் எட்டுப் பேர். இறாலை அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரவர் வீட்டில் உரித்துத் தருகிறார்கள். ஏற்றுமதி வியாபாரி ஒருவர் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் தொழிலாளர் ஆடிட்டும் கேட்கிறார். உணவுப் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 22000, தொழிலாளர் நலனுக்கு எஸ்ஏ 8000, ஸ்மெட்டா என்று மூன்று சான்றிதழையும் ஒரே வாரத்தில் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்மெட்டா என்பது சான்றிதழே இல்லை. தொழிலாளர் நிலைமையைப் பார்க்க செடெக்ஸ் என்ற அமைப்பு வைத்திருக்கும் ஆடிட் முறை அது. ஆடிட்டர் நேரில் வந்து பார்த்து எழுதும் அறிக்கைதான் கிடைக்கும். பாஸ், ஃபெயில் கிடையாது. இல்லாத சான்றிதழுக்கு விலை சொல்கிறவர் மற்ற இரண்டை எந்த லட்சணத்தில் தருவார்?

சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, விதியை எழுதுவதோடு சரி. சான்றிதழ் தருவது தனித்தனி நிறுவனங்கள். அவற்றைச் சோதித்து அங்கீகரிக்க நம் நாட்டில் என்ஏபிசிபி என்ற வாரியம் இருக்கிறது. அப்படி எந்த அங்கீகாரமும் இல்லாத நிறுவனம் கொடுக்கும் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். முறையான ஐஎஸ்ஓ 22000 என்றால் முதல் தடவை இரண்டு கட்டமாக ஆடிட் நடக்கும். ஃபைல் தயாரிக்க ஆலோசனை சொன்ன நிறுவனமே சான்றும் தரக் கூடாது.

வியாபாரி கேட்பது எந்தச் சான்று என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பெரிய கடைகள் பலவற்றுக்கு ஐஎஸ்ஓ 22000 மட்டும் போதாது. ஜிஎஃப்எஸ்ஐ என்ற உலக உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஏற்றுக்கொண்ட எஃப்எஸ்எஸ்சி 22000 அல்லது பிஆர்சிஜிஎஸ் சான்றைக் கேட்பார்கள். சிலர் ஹெச்ஏசிசிபி, அதாவது உணவில் ஆபத்து எந்தக் கட்டத்தில் வரும் என்று கண்டுபிடித்துத் தடுக்கும் முறை, இருந்தால் போதும் என்பார்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிமம் சட்டப்படி இருந்தே ஆக வேண்டியது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஹெச்ஏசிசிபி என்றதும் ஃபைல் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தொக்கையே எடுத்துக்கொள்வோம். சூரை சூடேறிக் கிடந்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும். அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் எண்ணெயில் வதக்கினாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும். ஆக, உங்கள் ஆபத்து அடுப்பங்கரையில் இல்லை. காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டியில் வரும் அந்த நேரத்தில் இருக்கிறது. மீன் வந்து இறங்கியதும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, 4 டிகிரிக்கு மேல் இருந்தால் என்ன செய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதிவைப்பதுதான் ஹெச்ஏசிசிபி.

உங்களுக்கு உண்மையான சிக்கல் இறால் உரிப்பில். உணவு ஆடிட்டர், அந்த வீடுகளில் என்ன தண்ணீர், எவ்வளவு ஐஸ் என்று கேட்பார். தொழிலாளர் ஆடிட்டர், கிலோ கணக்கில் தரும் கூலி குறைந்தபட்சக் கூலியைத் தொடுகிறதா, பள்ளி விட்டு வந்த பிள்ளையும் கூட உட்கார்ந்து உரிக்கிறதா என்று கேட்பார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் எஸ்ஏ 8000 விட்டுவைப்பதில்லை. ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பட்டறையிலேயே தண்ணீர்க் குழாய், ஸ்டீல் மேஜை, ஐஸ் பெட்டியோடு ஓர் உரிப்பு இடம் போடுங்கள். அந்தப் பெண்களை அங்கே வரவழைத்து, பதிவேட்டில் பெயர் எழுதிக் கூலி கொடுங்கள். இரண்டு ஆடிட்டுக்கும் பாதி வேலை அதிலேயே முடியும்.

நல்ல சான்றிதழும் கவசம் இல்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஆடை ஆலை ஒன்று எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 கிடைத்திருந்தது. ஆடிட்டர் வருகிறாரோ இல்லையோ, உங்கள் பட்டறையின் பின்வாசலை மறைத்து எண்ணெய் டின் அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.