கீழே இருக்கிற எண்ணைக் கேளுங்கள், அண்ணே

போன ஞாயிற்றுக்கிழமை குளித்தலைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பெண்ணை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாவது முடித்த பெண், கூடவே பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமா. பேசியதெல்லாம் மாமாதான். "ஏ.ஐ. டேட்டா சயின்ஸ் இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட் சீட் பேசியாச்சு, தொண்ணூறு பர்சென்ட் பிளேஸ்மென்ட்." அப்பா அந்தக் கல்லூரியின் கையேட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தார், கை வியர்வையில் அதன் ஓரம் நைந்துபோயிருந்தது. வழக்கம்போல நானும் பத்து நிமிடம் "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் பாப்பா மடியில் வைத்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதற்குமேல் சமாதானம் பேச மனம் வரவில்லை.

நேரில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், அண்ணே. மச்சானுக்கும் படிக்கக் கொடுங்கள்.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்தீர்களா? பெரியப்பா மகள் படிக்கிற கல்லூரிக்கு விழா பார்க்கப் போனவள், விடுதியில் 80 மாணவிகளிடம் இரண்டே கேள்வி கேட்டிருக்கிறாள். இந்தப் படிப்பை நீங்களே தேர்ந்தெடுத்தீர்களா, வீட்டில் சொன்னார்களா? மறுபடியும் வாய்ப்பு கிடைத்தால் இதையே எடுப்பீர்களா? நான்கு கட்டம் போட்டு, ஐந்தைந்தாகக் கோடு கிழித்து எண்ணி வைத்திருக்கிறாள். தானே எடுத்தவர்கள் 30 பேர், அதில் "இதையே எடுப்பேன்" என்றவர்கள் 24. வீட்டார் சொல்லி எடுத்தவர்கள் 50 பேர், அதில் அப்படிச் சொன்னவர்கள் 15.

உங்கள் மச்சான் அதைப் பார்த்தவுடனே கூட்டிப் போட்டார். 24-ம் 15-ம் 39, எண்பதுக்கு முப்பத்தொன்பது, "பாதிப் பேருக்குப் பிடிச்சுத்தானே இருக்கு, இவளுக்கும் ஃபிஃப்டி ஃபிஃப்டி" என்றார். கணக்கில் தப்பில்லை. ஆனால் அது விடுதியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணைத் தொட்டால் அவளுக்குப் படிப்பு பிடித்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்விக்கான விடை. உங்கள் பெண் அப்படி யாரோ ஒருத்தி இல்லை. நீங்கள் இப்போது செய்யப்போவதைச் செய்தால், அவள் "வீட்டில் சொன்னார்கள்" என்ற 50 பேர் பக்கம் போய்விடுவாள். அப்போது பின்னத்தின் பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, 80 போடக் கூடாது, 50 போட வேண்டும். 15-இன் கீழ் 50, பத்துக்கு மூன்று. தானே எடுத்தவர்கள் பக்கம் 24-இன் கீழ் 30, பத்துக்கு எட்டு. இதைத்தான் பதினோராம் வகுப்பில் நிபந்தனை நிகழ்தகவு என்று படித்தாள். யார் தேர்ந்தெடுத்தது என்பதற்கும் பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் அந்த 30 பேரிலும் ஏறக்குறைய பாதி, அதாவது பதினாலு பதினைந்து பேர்தான் "ஆமாம்" என்றிருப்பார்கள். சொன்னது 24 பேர்.

ஒரு விடுதியில் எடுத்த கணக்கை வைத்து ஊர் உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அதுதான் விஷயம். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "விடுதியில் மட்டும் கேட்டேன். பஸ்ஸில் வருகிறவர்களைக் கேட்கவில்லை. அக்காவின் தோழிகள் அதிகம்." இதை யாரும் சொல்லித்தரவில்லையாம், தானாகத் தோன்றியதாம். தன் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பதினேழு வயதில் தானே தேடுகிற பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

இனி அந்தத் தொண்ணூறு பர்சென்ட். ஒரு பேச்சுக்கு, வகுப்பில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரியர் இல்லாமல் பிளேஸ்மென்டுக்குப் பதிவு செய்தவர்கள் 70, வேலை கிடைத்தது 63 பேருக்கு. 63-இன் கீழ் 70 போட்டால் சரியாகத் தொண்ணூறு. 63-இன் கீழ் 120 போட்டால் ஐம்பத்திரண்டரை. இரண்டுமே பொய் இல்லை, கையேட்டில் எது அச்சாகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கல்லூரியில் கீழே எந்த எண்ணைப் போட்டார்கள் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆனால் நிலத்தை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டீர்கள்.

பணத்தைப் பற்றி நான் வளைத்துப் பேசப்போவதில்லை. நான்கு வருடத்துக்கு விடுதியோடு ஒன்பது லட்சம் என்று நீங்களே சொன்னீர்கள். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். படிக்கிற காலத்திலும் வட்டி ஏறும். இரண்டு ஏக்கர் நெல் வயலை வைத்து, பிள்ளை கேட்காத படிப்புக்கு, பகுதி தெரியாத ஒரு சதவீதத்தை நம்பி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

"வேற என்னதான் படிக்கிறது" என்று அண்ணி கேட்டார்கள். இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். பற்றியெல்லாம் ஊரே சொல்லும், அதற்கு நான் வேண்டாம். நான் சொல்வது பி.எஸ்சி. புள்ளியியல். கணிதத்துக்குள் அடங்கிய ஒரு பாடம் என்று நினைத்துப் பலரும் விண்ணப்பத்தில் தாண்டிப் போய்விடுகிற பெயர் அது. சில கல்லூரிகளில்தான் தனித் துறையாக இருக்கிறது. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி இருக்கின்றன. அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு போகும்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் வயலிலேயே பார்த்திருக்கலாம். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வருவார்களே, அதுதான். எந்தச் சர்வே எண் என்பதை ஆள் பார்த்து எடுப்பதில்லை, குலுக்கல் சீட்டு மாதிரி வருகிற சமவாய்ப்பு எண்களை வைத்து எடுப்பார்கள். வயலுக்குள்ளும் நன்றாக விளைந்த இடத்தில் போய் நிற்க முடியாது. மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி வை என்று அதையும் ஒரு எண்தான் சொல்லும். அங்கே முளை அடித்து, கயிறு கட்டி, நெல்லுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அதை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். அப்படிப் பல வயல்களில் எடுத்த எடையிலிருந்துதான் விளைச்சல் மதிப்பீடு வருகிறது, பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு உண்டா இல்லையா என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான். பாப்பா ஓரத்தில் பென்சிலால் எழுதினாளே, அந்தக் கவலையைத்தான் இங்கே கயிறும் முளையும் வைத்துத் தீர்க்கிறார்கள்.

இந்தப் பட்டத்துக்குத் திறக்கிற சில கதவுகள் இருக்கின்றன. மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணி யு.பி.எஸ்.சி. தேர்வு வழியாக வருகிறது, புள்ளியியல் படிக்காத பட்டதாரி அதை எழுத முடியாது. மத்திய அரசுக்கு ஆள் எடுக்கிற எஸ்.எஸ்.சி.யில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவி உண்டு. டி.என்.பி.எஸ்.சி.யும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தேர்வு வழியாக ஆள் எடுக்கிறது. மேலே படித்தால், 1931-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். என்ற முதுகலைப் படிப்பில் சேர முயலலாம், நுழைவுத் தேர்வு கடினம்தான். மருத்துவ ஆராய்ச்சி பிடித்தால் வேலூர் சி.எம்.சி.யில் உயிரிப்புள்ளியியல் முதுகலை இருக்கிறது. மச்சான் சொல்கிற டேட்டா சயின்ஸுக்கும் அடியில் கிடப்பது இதே பாடம்தான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் முதல் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள் இரண்டையும் அவள் கூடவே கற்க வேண்டும். முதுகலையும் சேர்த்து ஐந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யாராவது "பி.எஸ்சி.யா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள், பிதுக்கட்டும்.

வியாழக்கிழமை முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் பாப்பாவையும் நோட்டோடு கூட்டிக்கொண்டு போங்கள். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளத்தில் என்று அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.